வேணாம்னு சொல்ற எலும்பு

அந்தக் காலத்துல, மிருகமும் மனுஷனும் ஒரே பேச்சு பேசிக்கிட்டிருந்தப்ப, எல்லார் கழுத்துலயும் ஒரே ஒரு எலும்புதான். வளையம் மாதிரி இருக்கும். அதுமேல தலை மேலயும் கீழயும் ஆடும், பக்கவாட்டுல திரும்பவே திரும்பாது. 'ஆமா'ன்னு ஆட்டலாம், 'வேணாம்'னு ஆட்ட முடியாது! வாய் என்ன வேணா சொல்லட்டும், தலை சொல்றதுதான் சட்டம்.

இது ஓநாய்க்கு ரொம்ப வசதியாப் போச்சு.

ஓடைக்கரையில சிட்டாயின்னு ஒருத்தி, திருகைக் கல்லு கொத்திப் பிழைச்சா. அவகிட்ட ரெண்டு ஆடு. ஓநாய் வந்து, "எடுத்துக்கவா தாயி?"ன்னு மரியாதையாக் கேட்டுட்டு உக்காந்துக்கும். அவ தலைய அசைக்காம வெறச்சுப்போய் நிப்பா. கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசில தானாத் தொங்கும். "ரொம்ப சந்தோஷம் தாயி"ன்னு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடும். ரெண்டாவது ஆட்டுக்கு அவ தும்மினதே போதுமாயிருந்துச்சு. கொம்பை மட்டும் வாசல்ல வச்சுட்டுப் போச்சு.

ஒருநாள் காலைல ஓநாய் தூளிய எட்டிப் பாத்துச்சு. உள்ள அவ மக ராக்கு, ஆறு மாசக் குழந்தை.

"ஆடுதான் தீர்ந்துபோச்சே. வெயில் சாயறப்ப வர்றேன் தாயி, இவளைக் கேக்க."

சிட்டாயிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தண்ணித்தொட்டியில கிடந்த தவளைகிட்டச் சொல்லி அழுதா.

"எதுக்கு வம்பு? நான் எல்லாத்துக்கும் ஆமாதான். எம்மேல யாரும் கோவிச்சதே இல்ல"ன்னுச்சு தவளை.

"உன் தலைப்பிரட்டைல எத்தனை மிச்சம்டா இப்ப?"

தவளை தண்ணிக்குள்ள முங்கிக்கிச்சு.

சிட்டாயி சும்மா உக்கார முடியாம, பாதி கொத்தின திருகைய இழுத்துச் சுத்தினா. மேல்கல்லு சுத்துச்சு. கீழ்க்கல்லு நடுவுல முளை, மேல்கல்லுல ஓட்டை. முளை நின்ன எடத்துல நிக்குது, கல்லு அதைச் சுத்தி இடமும் வலமும் போகுது. எத்தனை வருஷமா இதையே கொத்தறா! அன்னைக்குத்தான் மனசுல பட்டுச்சு. கழுத்துல வளையம் ஏற்கனவே இருக்கு. முளைதானே இல்ல?

ஆட்டுக்கொம்பை எடுத்தா. உளியால முளை வச்ச எலும்பு ஒண்ணு செதுக்கினா. அப்பல்லாம் யாருக்கும் உடம்பு முழுசாக் காயல, ஈரமண்ணு பதம்தான். எலும்பைத் தன் பிடரில அமுக்கினா. முளை வளையத்துக்குள்ள போய் நச்சுன்னு உக்காந்துச்சு.

வெயில் சாஞ்சுது. ஓநாய் வந்துச்சு.

"எடுத்துக்கவா தாயி?"

அவ தலை இடது பக்கம் போச்சு. வலது பக்கம் வந்துச்சு.

ஓநாய்க்கு ஒண்ணும் புரியல. "இது என்ன ஆட்டம்?"

"வேணாம்னு அர்த்தம்."

அது அவளைச் சுத்தி வந்து பிடரிய மோந்து பாத்துச்சு. குரலைத் தாழ்த்திக்கிச்சு. "தாயி, இந்த முளைக்குப் பின்னாலயே உன் உயிர்நரம்பு ஓடுது. முளை ஒரு நெல்லளவு நழுவினா நீ காலி. பழைய கழுத்துல இந்தப் பயமே கிடையாது. புடுங்கிப் போட்டுடேன்."

சிட்டாயி பிடரியத் தொட்டுப் பாத்தா. அது பொய் சொல்லல, விரலுக்கே தெரிஞ்சுது. உள்ள ஏதோ துடிச்சுது. தூளியப் பாக்கத் திரும்பினா. உடம்பு அப்படியே இருந்துச்சு, தலை மட்டும் திரும்புச்சு! ராக்கு விரலைச் சப்பிக்கிட்டுக் கிடந்தா.

மெதுவா, ரொம்ப மெதுவா, மறுபடியும் இடம், வலம்.

"அப்ப நான் வெறுங்கையோட போகணுமா?"ன்னு கேட்டுச்சு ஓநாய். கேட்ட வேகத்துல அது தலையே தொங்கிப்போச்சு. தொங்கினா ஆமாதான். சட்டம் அதுக்கும் சேர்த்துதானே! வெறுங்கையோடயே நடையைக் கட்டுச்சு.

சிட்டாயி அடுத்த எலும்பை ராக்கு கழுத்துல வச்சா. வச்ச உடனே அந்தக் குட்டி பாலைப் பாத்துத் தலையத் திருப்பிக்கிச்சு. அப்புறம் ஆடு, மாடு, மான்னு எல்லாம் வரிசைல நின்னு வாங்கிக்கிட்டுதுங்க, வெக்கமில்லாம அந்த ஓநாயும்கூட. தவளை மட்டும் "நாளைக்குப் பாக்கலாம்"னுச்சு. அதுக்குள்ள எல்லார் உடம்பும் காஞ்சு இறுகிப்போச்சு.

அன்னைலேருந்துதான் தவளையால தலையத் திருப்ப முடியறதில்ல. நம்ம கழுத்துலயோ, வேணாம்னு சொல்ற எலும்பும் உயிர்நரம்பும் ஒட்டிக்கிட்டே கிடக்குதுங்க.