பதினொருவர் உட்கார்ந்த விசிப்பலகை

ஆற்றங்கரை மடத்தில் விதைநெல் காப்பது தணிகாசலத்தின் வேலை. ஒன்பது வருஷமாகப் பார்த்து வந்தான். ஒரு நாள் நெல் கொட்டில் கதவு திறந்து கிடந்ததில், சாரல் அடித்து ஏழு மூட்டை முளைவிட்டுவிட்டது.

மூத்த அடியார் மூவர் விசாரித்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது மடத்து வழக்கம்.

"கதவைத் திறந்தது நீதானே?"

"நான்தான்."

மடத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. குருவின் காலில் விழுந்தான்.

குரு துறவுக்கு முன் புதுச்சேரிக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர்.

"நாளைக் காலையில் ஆன் பாங்க்," என்றார்.

"அப்படியென்றால் சாமி?"

"பழைய பிரெஞ்சுப் பேச்சு. பலகையில் என்று அர்த்தம். நீதிபதிகள் உட்காரும் பலகை. சிலர் மட்டும் கேட்ட வழக்கை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் அந்தப் பெயர்."

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்து விசிப்பலகையில் பதினொரு அடியாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அது பத்துப் பேருக்கான பலகை.

"வயிற்றை எக்கிக்கொள்ளும் ஓய், நான் கீழே விழப்போகிறேன்," என்றார் ஓரத்தில் இருந்த வேலாயுதம். மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவர். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

"ஏனப்பா, நீயாகவா திறந்தாய்? யாராவது சொன்னார்களா?"

தணிகாசலம் தலை குனிந்தான். சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரை எப்படிக் கைகாட்டுவது?

முன்பு விசாரித்த மூவரில் ஒருவரான கனகசபை எழுந்தார்.

"நெல் புழுங்குகிறது, திறந்து வை, நான் வந்து மூடிக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான். மறந்துவிட்டேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

கொட்டில் சாவி தணிகாசலத்தின் கைக்குத் திரும்ப வந்தது. பகல் சாப்பாட்டில் பதினொருவருக்கும் அவனே பரிமாறினான். கனகசபை வேண்டாம் என்று கை மறித்தும், இன்னொரு கரண்டி மோர் ஊற்றினான். கடைசியாகக் குருவின் இலைக்கு வந்தான்.

"வேலாயுதம் ஐயாவை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் சாமி. ஒன்றுதான் விளங்கவில்லை. என்னைப் போகச் சொன்ன மூவரையும் மறுபடி ஏன் உட்கார வைத்தீர்கள்? மீதி எட்டுப் பேர் போதாதா?"

குரு இலையை மடித்தார்.

"கேட்டவர் எட்டில் ஒருவர். சொன்னவர் மூன்றில் ஒருவர்."