வாதாம் மர நிழலில் நின்ற புல்லட்

கோவில்பட்டியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள் செண்பகவல்லி. அவள் கொழுந்தன் சுடலைமணி ஒரு பைனான்ஸில் கடன் வாங்கினான். அவள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

பைனான்ஸிலிருந்து வசூலுக்கு ரவீந்திரன் வந்தார். கொளுத்துகிற வெயில். புது புல்லட்டின் சீட் சூடாகிவிடும் என்று, கேட்டைத் தானே திறந்து உள்ளே வாதாம் மர நிழலில் நிறுத்தினார். மனுஷனுக்கு வண்டி மேல் அவ்வளவு பிரியம். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"பணத்தை எடுத்து வை. இல்லைன்னா கிரைண்டரைத் தூக்கிட்டுப் போயிருவேன்."

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே சார். அவர் இந்த வீட்ல இருந்ததும் இல்லை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த விலாசத்துல எது இருந்தாலும் அது உன்னுதுதான்."

"நிஜமாவா சார்?"

"யார்கிட்ட வேணாலும் கேளு."

எதிர்க் குழாயில் தண்ணீர் பிடித்த பெண்கள் எல்லோரும் இதைக் கேட்டார்கள். செண்பகவல்லி போய்க் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப இந்த புல்லட்டும் என்னுதுதான்."

"ஏய், அது என் வண்டி! சும்மா கொண்டாந்து நிறுத்தினா உன்னுதாயிருமா?"

"என் கொழுந்தனும் கடனைக் கொண்டாந்து சும்மா இங்க நிறுத்திட்டுப் போனவர்தான் சார்."

குழாயடியில் சிரிப்பு அடங்கவில்லை. ரவீந்திரன் ஆபீஸுக்குப் போன் போட்டு, கடன் கணக்கிலிருந்து அந்த விலாசத்தை நீக்கச் சொன்ன பிறகுதான் பூட்டு திறந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். புல்லட் தெருவில், வெயிலில் நின்றது. கேட்டுக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டார்.

"அக்கா, உங்க கொழுந்தன் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க தம்பி. மாவு வாங்கின பாக்கி இருக்கு."