வெள்ளைச் சங்குக்காரி

கழிமுகத்து மணல்திட்டில் செங்காலன் என்றொரு நண்டு இருந்தான். காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, வீட்டையே முதுகில் சுமந்து நடக்கிற இனம். மனிதர்கள் அவர்களைத் துறவி நண்டு என்பார்கள். செங்காலனுக்கும் துறவுக்கும் ஏழாம் பொருத்தம்! சின்ன வயதிலிருந்தே அவன் மனசு முழுக்க அலரிதான்.

அலரி அடுத்த பாறையிடுக்குக்காரி. வெள்ளைச் சங்கு போட்டிருப்பாள். கரை ஒதுங்கும் தேங்காய்ச் சில்லில் பழுப்புத் தோல் கசக்கும் என்று செங்காலன் வாயிலேயே வைக்கமாட்டான். அவள்தான் அந்தத் தோலைக் கொடுக்கால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுப்பாள்.

ஒருநாள் கல்நண்டுகளுக்கும் சேற்றுநண்டுகளுக்கும் போர் மூண்டது. கழிமுகத்தை யார் ஆள்வது என்று சண்டை. ஆளப்போவது பெரிய நண்டுகள், நசுங்கியதோ சின்ன நண்டுகள். உயிர் பிழைத்தவர்கள் திட்டைவிட்டு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் ஓர் அலை செங்காலனையும் அலரியையும் பிரித்துப் போட்டது.

"என் வெள்ளைச் சங்கை மாத்தவே மாட்டேன்! அதை வச்சு என்னைக் கண்டுபிடி!" என்று கத்தினாள் அலரி.

"நானும் மாத்தமாட்டேன்!" என்று கத்தினான் செங்காலன்.

பல காலம் நீடித்த போர் ஓய்ந்ததும் அவன் தேடக் கிளம்பினான். அதற்குள் அவன் வளர்ந்துவிட்டான், சங்கு வளரவில்லை. பாதி உடம்பு வெளியே பிதுங்கிக் கிடந்தது. நடை நொண்டியது.

"வேற சங்கு பாருப்பா!" என்றார்கள் வழியில் கண்டவர்கள்.

"வாக்கு கொடுத்திருக்கேன்!" என்பான் அவன். அந்த வலியில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கரை கரையாக அலைந்து ஒரு தாழம்புதர்ப் பக்கம் வந்தான். அங்கே தவிட்டு நிறச் சங்கு சுமந்த ஒருத்தி அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அவன் சங்கையே பார்த்தாள். அவனோ வளர்ந்து மாறியிருந்த அவள் முகத்தைக் கவனிக்கவே இல்லை; அவன் கண் தேடியது வெள்ளைச் சங்கை மட்டும்தான்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள்.

"அலரின்னு பேரும்மா. வெள்ளைச் சங்கு. பார்த்தீங்களா?"

அவள் புதரடிக்குப் போய்த் தேங்காய்ச் சில்லு கொண்டுவந்து வைத்தாள். பசியில் அவன் அள்ளி அள்ளித் தின்றான்.

"ஒருவேளை... அவ சங்கை மாத்தியிருந்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

செங்காலனுக்குச் சுருக்கென்றது. "என்னைப் பாருங்க! உடம்பு பிதுங்கியும் நான் மாத்தலையே! மாத்தியிருந்தா அவ என் அலரியே இல்ல. அப்படிப்பட்டவ முகத்துல நான் முழிக்கவே மாட்டேன்!"

அவள் சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டாள். "உங்க அலரி கிடைக்கட்டும்" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது. அவன் நடையைக் கட்டினான்.

அடுத்த வளைவைத் தாண்டினால், அதே வெள்ளைச் சங்கு!

"அலரி!" என்று அலறிக்கொண்டு ஓடினான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததோ முன்பின் தெரியாத ஒற்றைக் கொடுக்கு நண்டு.

"இது அலரியோட சங்கு! திருடினியா?"

"அளந்து பேசுங்க அண்ணே! சண்டையில என் சங்கு நொறுங்கிப்போச்சு. வெறும் உடம்போட கிடந்தேன். மேல காக்கா வட்டம் போடுது. அலரி அக்காதான் தன் சங்கைக் கழட்டி எனக்குக் கொடுத்துட்டு, வெறும் உடம்போட ஓடினாங்க. அவங்க பிழைச்சதே பெரிசு!"

செங்காலன் நீட்டிய கொடுக்கை இறக்கினான்.

"இப்பவும் வந்து இந்தச் சங்கைத் தடவிப் பார்ப்பாங்க. 'இதை வச்சு ஒருத்தர் தேடி வருவார், வந்தா என்கிட்ட அனுப்பு'ன்னு சொல்லுவாங்க. தவிட்டுச் சங்கு போட்டுக்கிட்டு தாழம்புதர்கிட்ட இருப்பாங்களே, வழியில பார்க்கலையா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தின்ற சில்லில் பழுப்புத் தோலே இல்லை!

திரும்பி ஓடினான். ஓட எங்கே முடிந்தது? பெருமையாகச் சுமந்த சங்கு ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைக் கவ்வியது. போய்ச் சேர்ந்தபோது கரை வெறிச்சோடிக் கிடந்தது. புதரில் ஓர் ஓணான் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தவிட்டுச் சங்குக்காரியா? மிதந்து வந்த தென்னமட்டையில ஏறி, கடல் உள்வாங்குற இறங்கு தண்ணியோட போயிட்டாளே! 'இனிமே எனக்காக யாரும் வரமாட்டாங்க'ன்னு சொன்னா."

"எந்தப் பக்கம்?"

"கடல் போன பக்கம்!"

செங்காலன் கடலைப் பார்த்தபடி நின்றான். அவளைத் தன் வாயாலேயே துரத்திவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. காலடியில், அவனுக்காக அவள் சுரண்டிப் போட்ட பழுப்புத் தோல் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயில் வைத்தான். கசக்கவே இல்லை.

தேடி வந்தவன் பட்ட பாட்டைப் போலவே தேடப்பட்டவளும் பாடு பட்டிருப்பாள்; அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவன், கண்ணெதிரே கிடைத்தவளையும் தொலைத்துவிடுவான்.