மத்தேயோ என்று கத்தியவர்

கோபத்தோடு வருகிறவர்களை மடத்து அம்மை வாசலில் நிறுத்துவதில்லை. உள்ளே கூப்பிட்டு ஏதாவது வேலை கொடுத்துவிடுவார்.

அன்று காலை கடற்கரை அண்ணாச்சி மடத்துக்குள் நுழைந்தபோது, அம்மை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கடற்கரையின் முகத்தைப் பார்த்தார். தேங்காய் நார் ஒன்றை எடுத்து நீட்டினார். கடற்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்.

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து. அம்மை முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். கடற்கரை லேத் பட்டறை வைத்திருப்பவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மடத்துக்கு வந்துபோக ஆரம்பித்தார். சினிமாவை விட்டார், சீட்டாட்டத்தை விட்டார், வெற்றிலையைக்கூட விட்டார். ஹாக்கியை மட்டும் விடவில்லை. அம்மையும் விடச் சொல்லவில்லை.

அந்தக் கரிசல் ஊரில் ஹாக்கி பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் கடற்கரையின் பித்து தனி ரகம். உலகத்தில் எந்த மூலையில் ஜூனியர் போட்டி நடந்தாலும் அவருக்குத் தெரியும். எந்த நாட்டுப் பையன் நன்றாக ஓடுகிறான், எவனுக்கு இடது பக்கம் பந்து வந்தால் தடுமாறும் என்று பட்டறையில் வேலை பார்த்தபடியே சொல்வார்.

"சீனியர் ஆட்டக்காரன் மூஞ்சியை மறைக்கப் படிச்சிருவான். சின்னப் பயலுகளுக்கு அது தெரியாது. ஜெயிச்சா ஜெயிச்ச மூஞ்சி, தோத்தா தோத்த மூஞ்சி. அதைப் பாக்கத்தான் போறேன்" என்பார்.

அந்த வருஷம் சர்வதேச ஜூனியர் போட்டியே அவர் ஊருக்கு வந்துவிட்டது. கடற்கரை பட்டறையைப் பூட்டிவிட்டு கேலரியில் போய் உட்கார்ந்தார். அவர் கோபத்தோடு மடத்துக்கு வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அரையிறுதி. இந்தியப் பையன்கள் தோற்றுப்போனார்கள்.

"தோக்குறது புதுசா அண்ணாச்சி?" என்றார் அம்மை.

"தோத்தா பரவால்லம்மா. ஏமாத்திட்டான்."

"யாரு?"

"பச்சைச் சட்டைப் பய ஒருத்தன். ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. முடியப்போற நேரம். பந்து அவன் காலுல பட்டுச்சு. ஹாக்கியில கால் படக் கூடாது. பட்டா நிறுத்திரணும். அவன் நிறுத்தல. அப்படியே தள்ளிக் கோல் போட்டுட்டான். அம்பயருக்கு ஆள் மறைச்சிருச்சு. நம்ம பயலுக கையைத் தூக்கிக்கிட்டு ஓடுதானுக. ஒருத்தரும் கேக்கல."

"நீங்க பாத்தீங்களா?"

"கேலரியே பாத்துச்சு."

கடற்கரை தொட்டிச் சுவரைத் தேய்த்த வேகத்தில் சிமெண்டும் சேர்ந்து பெயர்ந்தது.

"நாளைக்கு ஃபைனல். பச்சைச் சட்டைதான் ஆடுது. ஹாக்கி ரசிகர் மன்றத்துல முடிவு பண்ணிட்டோம். அந்தப் பய பந்தைத் தொட்டா கேலரி மொத்தமும் ஊளை விடணும். அவன் அழுதுக்கிட்டே ஊர் போய்ச் சேரணும்."

அம்மை மூலைப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருன்னு மட்டும் சொல்லிராதீங்க. நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"சொல்லலயே." அம்மை நாரைப் பிழிந்தார். "அந்தப் பையன் பேரு என்ன?"

"ஒன்பதாம் நம்பர்."

"பேரு கேட்டேன்."

கடற்கரைக்குத் தெரியவில்லை. எங்கோ கடல் கடந்த சின்ன நாடு. இந்தப் பக்கம் முதல் தடவையாக வருகிறது. ஊர் உலகத்துப் பையன்களை எல்லாம் தெரிந்து வைத்திருந்தவருக்கு இவனைத் தெரியவில்லை.

"திட்டப் போற ஆள் பேரு தெரிய வேண்டாமா? போய்க் கேட்டுட்டு வாங்க. அவன்கிட்டயே கேளுங்க."

கடற்கரை நாரை வீசிவிட்டுத் தொட்டியிலிருந்து ஏறினார். "போறேன். ஆனா ஒண்ணு. பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, அந்தப் பேரைச் சொல்லித்தான் ஊளை விடுவேன்."

"விடுங்க" என்றார் அம்மை.

மத்தியானம் பச்சைச் சட்டை அணி பக்கத்து மைதானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. காவலாளி தெரிந்தவர், உள்ளே விட்டார். கடற்கரை எல்லைக் கோட்டை ஒட்டி நடந்தார். ஒன்பதாம் நம்பர் தனியாக உட்கார்ந்து மட்டையின் கைப்பிடிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தான். நம்ம ஊர் வெயில் அவன் மூக்கை உரித்துவைத்திருந்தது. மேலுதட்டில் அரும்பு மீசை. நேற்று தூரத்திலிருந்து பார்த்தபோது பெரிய ஆள் மாதிரி தெரிந்தான்.

கடற்கரை அவன் முன்னால் போய் நின்றார். என்ன பாஷையில் பேசுவது என்று தெரியவில்லை. தன் நெஞ்சில் தட்டி, "கடற்கரை" என்றார். பிறகு அவனை நோக்கி விரலை நீட்டினார். அந்த விரலில் மரியாதை இல்லை.

பையன் அதைக் கவனிக்கவில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் அவனிடம் பெயர் கேட்டிருக்கவில்லை போல. துள்ளி எழுந்தான்.

"மத்தேயோ!"

"மத்தேயு."

பையன் தலையை ஆட்டி மறுத்தான். வாயைக் குவித்துக் காட்டினான். "யோ. யோ. மத்தேயோ."

"மத்தேயோ" என்றார் கடற்கரை.

பையன் கை தட்டினான். பிறகு அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தான். "கதர்காரே." நாலைந்து தடவை முயன்றும் கதரைத் தாண்டி அவன் நாக்கு வரவில்லை. சிரித்தான். கடற்கரைக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

வந்த வேலை முடிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். அவருக்கு மனம் ஆறவில்லை. குனிந்து பையனின் வலது காலைக் காட்டினார். பந்து வருவது போல் கையை உருட்டிக்கொண்டு வந்து அந்தக் கால்மேல் தட்டினார். பட்டதா இல்லையா என்று கண்ணாலேயே கேட்டார்.

பையனின் சிரிப்பு நின்றது. தன் காலைப் பார்த்தான். தூரத்தில் நின்ற பயிற்சியாளரைப் பார்த்தான். பிறகு கடற்கரையைப் பார்த்துத் தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்தான்.

ஏதோ சொன்னான். அவன் பாஷை. கடற்கரைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் விரல் அந்தக் காலையே காட்டிக்கொண்டிருந்தது.

கடற்கரை வெளியே வந்து வண்டியை எடுத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் கேலரி நிரம்பி வழிந்தது. மன்றத்துத் தலைவர் பால்துரை வழக்கம்போல் கடற்கரைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக மட்டை பிடித்தவர்கள். பால்துரை கார சேவுப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"ஏலேய், தொண்டைய நல்லா வச்சிருக்கியா? இன்னைக்குக் கிழியணும்."

"கிழிச்சிருவோம்" என்றார் கடற்கரை.

ஆட்டம் தொடங்கியது. ஒன்பதாம் நம்பரிடம் பந்து வந்தது. கேலரி மொத்தமும் ஊளையிட்டது. கடற்கரையும் எழுந்து வாயருகே கை குவித்து, சொன்னபடியே, "மத்தேயோ... ஊ..." என்று ஊளையிட்டார். பையனின் மட்டையிலிருந்து பந்து நழுவி வெளியே உருண்டது. அவன் கேலரியைத் திரும்பிப் பார்த்தான்.

மறைக்கத் தெரியாத முகம்.

அடுத்த தடவை பந்து வந்தது. ஊளை எழும்பியது. கடற்கரை கை குவித்தார். "மத்தேயோ" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் வாயைத் திறந்தார். மறுபடியும் பெயர் மட்டும்தான் வந்தது. பையன் ஓடினான். இவர் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

"மத்தேயோ! ஓடு! ஓடுலே!"

பால்துரை திரும்பிப் பார்த்தார். "யாரைச் சொல்லுத?"

"அந்தப் பயலைத்தான். அவன் பேரு."

"எங்க பைபிள்ல உள்ள பேரை அவனுக்கு வைக்காத. திருட்டுப் பய."

"நான் வைக்கல. அவன் அப்பன் ஆத்தா வச்சது."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து வந்து, "என்ன அண்ணாச்சி, எதிரிக்குச் சத்தம் குடுக்கீரு?" என்றார். கடற்கரை அடுத்த பந்துக்கும் கத்தினார்.

பால்துரை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பந்து அவன் காலுல படலன்னு சொல்லுதியா?"

"பட்டுச்சு."

"பின்ன?"

"அவனே ஒத்துக்கிட்டான். நேத்து போய்க் கேட்டேன்."

பால்துரை பிடியை இறுக்கினார். "ஒத்துக்கிட்டானா? ஒத்துக்கிட்ட பிறகுமா அவனுக்குக் கத்துத? நம்ம பயலுக அழுதுக்கிட்டுப் போனதைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். நானும் அழுதேன்."

"அப்போ எதுக்குலே?"

"தெரியல. ஊளை மட்டும் என்னால விட முடியாது. நீ வேணும்னா விட்டுக்கோ."

கடற்கரை கையை உதறிக்கொண்டு எழுந்தார். யாரோ மேலேயிருந்து தண்ணீர்ப் பாட்டிலை அவர் தலையில் கவிழ்த்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். "உக்காருய்யா" என்று நாலு திசையிலிருந்தும் சத்தம் வந்தது. அவர் உட்காரவில்லை.

முடிய இன்னும் சொற்ப நேரம். பச்சைச் சட்டை ஒரு கோல் பின்னால். அப்போது அவர்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பர் ஒருவன் மட்டும் எதிரில். அடித்தால் சமம். அடிக்க வந்தவன் ஒன்பதாம் நம்பர்.

கேலரி எழுந்து நின்று ஊளையிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. கடற்கரை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

பையன் அடித்தான். கோல்கீப்பர் பாய்ந்து தடுத்துவிட்டான்.

கேலரி குதித்தது. துண்டுகள் பறந்தன. பையன் அடித்த இடத்திலேயே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கடைசி விசில் ஊதியது. அவனைச் சக ஆட்டக்காரர்கள் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் உள்ளே போய் மறைகிறவரைக்கும் கடற்கரை அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தார்.

பால்துரை சேவுப் பொட்டலத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே மன்றத்துப் பக்கம் வராத. என் வீட்டுப் பக்கமும் வராத."

படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடற்கரை மடத்துக்கு வந்தார். அம்மை முற்றத்தில் தூக்குவாளியைத் துலக்கிக்கொண்டிருந்தார். கடற்கரைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"மத்தேயோ" என்றார். "பேரு கேட்டீங்களே."

"நல்ல பேரு."

நடந்ததை எல்லாம் கடற்கரை சொன்னார். பையன் தலையசைத்ததையும் மறைக்கவில்லை. பால்துரை சொல்லிவிட்டுப் போனதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

"ஊரே எனக்கு எதிராத்தான் நிக்குது. நிக்கட்டும். அதுக்காக நான் வருத்தப்படல. நாளைக்கே மறுபடி அதே ஆட்டம் நடந்தாலும் எந்திரிச்சு நின்னு கத்துவேன். தண்ணி ஊத்துறவன் ஊத்தட்டும்."

அம்மை வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். தப்புப் பண்ணவன் பக்கம்தானேம்மா நின்னேன். தெரிஞ்சேதான் நின்னேன். அது சரியா தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

"அந்தப் பையனுக்குக் கேட்டுச்சா?"

"எங்கம்மா? அந்த ஊளையில எனக்கே என் சத்தம் கேக்கல."

அம்மை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

"இப்போ நேரா பால்துரை வீட்டுக்குப் போங்க. வாசல்ல நின்னு அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

கடற்கரையின் முகம் இறுகியது. "மாட்டேன். அவன்தான் என்னை வராதன்னான்."

"ஆமா. சொன்னீங்க."

"ஊரைக் கூட்டி ஒரு பயலை அழ வச்சவன் அவன்."

"அதுவும் சொன்னீங்க."

"கதவைத் திறக்க மாட்டாம்மா. எனக்குத் தெரியும் அவனை. எவ்வளவு கத்தினாலும் காதுல விழாத மாதிரி உள்ளேயே உக்காந்திருப்பான்."

அம்மை அவரைப் பார்த்தார்.

"முந்தாநாள் வரைக்கும் பேருகூடத் தெரியாத பயலுக்கு, நேத்து யாரு காதுல விழும்னு கத்துனீங்க அண்ணாச்சி?"