அம்மா வாயில் என்ன இருக்கு?

பொட்டு என்ற யானைக்குட்டி தன் அம்மாவின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டது.

"அம்மா, வாயில என்ன?"

"மூங்கில் இலை" என்றது அம்மா பூவாத்தா.

பொட்டு கொஞ்சம் இழுத்து எடுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தது. முகத்தைச் சுளித்துத் துப்பியது. அடுத்து பெரியம்மா மாராத்தாவின் வாய்க்குப் போனது. அங்கே மரப்பட்டை இருந்தது.

"உவ்வே! இதைப் போயா தின்னுறீங்க?"

"உன்னை யாருடி தின்னச் சொன்னா? துப்பிட்டு நடையைக் கட்டு!" என்றது மாராத்தா, மென்றுகொண்டே.

அந்த மலையடிவாரக் காட்டில் யானைக்குட்டிகள் அப்படித்தான். பால் குடிக்கும் வயதிலேயே பெரியவர்களின் வாயில் இருப்பதை எடுத்து ருசி பார்க்கும். துப்பும். மறுபடி எடுக்கும். துப்புவது எப்போது நின்றது, விழுங்குவது எப்போது தொடங்கியது என்று எந்த யானைக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

இதையெல்லாம் ஓர் உயர்ந்த மரத்திலிருந்து இருவாச்சிப் பறவை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தின் பொந்துக்குள் அதன் மனைவியும் குஞ்சும் இருந்தார்கள். பொந்தின் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது. அலகு நீட்ட ஒரு சந்து மட்டும் உண்டு.

"சீச்சீ! ஏம்மா பூவாத்தா, ஊர் எச்சிலையெல்லாம் பிள்ளையைத் தின்ன விடுறியே! இது நல்லாவா இருக்கு?" என்றது இருவாச்சி.

பூவாத்தாவுக்கு இது தலைப்பிரசவம். யார் என்ன சொன்னாலும் முதலில் பயம்தான் வரும்.

"வேற எப்படிங்கண்ணா கொடுக்கிறது?"

"எங்க வீட்டைப் பாரு! பிள்ளையைக் கூட்டத்துல விடறதே இல்லை. தனியா வெச்சிருக்கோம். நல்ல பழமாப் பொறுக்கிப் பொறுக்கி நான்தான் கொண்டு வந்து கொடுக்கிறேன். சத்தம் இல்லை, சிந்தல் இல்லை, எச்சிலும் இல்லை!"

பூவாத்தா வெட்கத்தோடு தலையை ஆட்டியது.

அன்றிலிருந்து அது பொட்டுவைப் பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனது. காட்டு வாழையின் தண்டை உரித்து, காலால் நசுக்கி, நார் இல்லாமல் எடுத்து நீட்டியது.

"ஆ காட்டு கண்ணு. ஒரு வாய்!"

"நீ சாப்பிட்டியா?"

"அம்மா அப்புறம் சாப்பிடுறேன்."

"அப்ப நானும் அப்புறம் சாப்பிடுறேன்."

"அதோ பாரு மயிலு!"

பொட்டு வாயைப் பிளந்துகொண்டு மயிலைத் தேடியது. பூவாத்தா சட்டென்று தண்டை உள்ளே திணித்தது. பொட்டு அதைத் துப்பிவிட்டு அம்மாவையே பார்த்தது. அதன் பிறகு மயில் நிஜமாகவே வந்து நின்று ஆடினாலும் அது வாயைத் திறக்கவில்லை.

வழக்கம்போல அது அம்மாவின் வாய்க்குள் தும்பிக்கையை விடப் போனது. பூவாத்தா அதைத் தட்டிவிட்டது. "எச்சில்! கூடாது!"

இன்னொரு தரம் போனது. பூவாத்தா இன்னும் ஓங்கித் தட்டியது. பிறகு பொட்டு கேட்பதையே நிறுத்திவிட்டது. கேள்வி கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. பூவாத்தாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கோடை ஏறியது. ஓடை வற்றி, அங்கங்கே குட்டையாக நின்றது. சரியாகத் தின்னாத பூவாத்தாவுக்குப் பால் குறைந்தது. பொட்டுவின் இடுப்பெலும்பு வெளியே தெரிந்தது.

ஒரு காலையில் மாராத்தா பாறைக்குப் பின்னால் வந்தது.

"தண்ணி போச்சு பூவாத்தா. நாளைக்கு மேல்காட்டுக்குக் கிளம்புறோம். உம் பொண்ணு மலை ஏறுவாளா?"

"தெரியலக்கா. பாலும் பத்தல. எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கிறா."

"எல்லாரும் அங்க மேயுறோம். இங்க ஒளிச்சு வெச்சு என்னத்தைக் கொடுக்கிறே?"

"எச்சில் ஆகக் கூடாதுன்னு..."

மாராத்தா பெருமூச்சு விட்டது. "கூட்டம் இங்கே நின்னா எல்லாக் குட்டியும் காஞ்சு போகும். இவளை விட்டுட்டுப் போகவும் எனக்கு மனசு வராது. ஏதாவது பண்ணு!"

பூவாத்தா பொட்டுவைத் தள்ளிக்கொண்டு இருவாச்சியின் மரத்தடிக்கு ஓடியது.

"அண்ணா! நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன். பிள்ளை ஒரு வாய் வாங்க மாட்டேங்குதுங்க!"

"இரு, இரு. சாப்பாட்டு நேரம். கொடுத்துட்டு வந்து பேசறேன்" என்றது இருவாச்சி.

அது பொந்தின் சந்துக்கு நேராக உட்கார்ந்தது. அலகில் ஒன்றும் இல்லை. கழுத்தை ஒரு குலுக்குக் குலுக்கியது. தொண்டைக்குள் ஏதோ உருண்டு மேலே ஏறியது. அலகின் நுனியில் ஓர் அத்திப்பழம் வந்து நின்றது! சந்து வழியாக ஒரு சின்ன அலகு நீண்டு அதை வாங்கியது. மறுபடி ஒரு குலுக்கு. இன்னொரு பழம்!

பொட்டுவின் காது இரண்டும் விரிந்தன. ரொம்ப நாளைக்கு அப்புறம் அது வாயைத் திறந்தது.

"மாமா! அந்தப் பழம் எங்கிருந்து வருது?"

"மரத்துலேர்ந்துதான். வேற எங்கிருந்து?"

"இல்லை, இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"இப்பவா... தொண்டையிலேர்ந்து."

"அப்ப அதுல உங்க எச்சில் இருக்குமே?"

இருவாச்சி கழுத்தைக் குலுக்குவதைப் பாதியில் நிறுத்தியது. ஒரு பழம் நடுத்தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பொந்துக்குள்ளிருந்து பெண் இருவாச்சியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்லாக் கேளு கண்ணு! இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளு!"

"நீ சும்மா இரு!" என்றது ஆண் இருவாச்சி, விக்கிக்கொண்டே.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஏம்மா பூவாத்தா, நாங்க உள்ளே அடைஞ்சு கிடக்கிறது பாம்புக்கும் மரநாய்க்கும் பயந்துக்கிட்டு. சுத்தம் பார்த்துன்னு யாரு சொன்னா, இவரா? குஞ்சுக்குச் சிறகு முளைக்கட்டும், வெளியே வந்துரும். எது பழம், எது காய்னு நாங்க தின்னுறதைப் பார்த்துத்தான் அதுவும் தின்னப் பழகும். அதை மட்டும் உங்கிட்ட சொல்லாம விட்டுட்டாரு!"

ஆண் இருவாச்சி பழத்தை ஒருவழியாக வெளியே கொண்டுவந்தது. "எனக்குத் தெரிஞ்சது எங்க வீடு ஒண்ணுதாம்மா. அதை எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டேன். தப்புதான்."

பூவாத்தாவுக்குத் திட்ட நேரம் இல்லை. பொட்டுவோடு நேராகக் கூட்டத்துக்கு நடந்தது. எல்லா யானைகளும் மூங்கில் புதரில் மடமடவென்று ஒடித்துத் தின்றுகொண்டிருந்தன. பூவாத்தா நடுவில் போய் நின்றது. ஒரு கொத்து ஒடித்துத் தன் வாயில் போட்டது. பிறகுதான் எவ்வளவு பசியோடு இருந்தோம் என்று அதற்கே தெரிந்தது. வேகவேகமாக மென்றது. பொட்டுவைக் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை.

ஒரு சின்னத் தும்பிக்கை மெல்ல மேலே வந்தது. பூவாத்தாவின் உதட்டருகே வந்து, அப்படியே நின்றது.

"அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன் சாமி. எடு."

பொட்டு எடுத்தது. மென்றது. துப்பியது. பூவாத்தா தான் பாட்டுக்குத் தின்றது. தும்பிக்கை மறுபடி வந்தது. இந்த முறை பொட்டு வெகுநேரம் மென்றது. தொண்டை ஒரு தரம் அசைந்தது.

விழுங்கிவிட்டது!

"பெரியம்மா, உங்க வாயில என்ன?" என்று அது மாராத்தாவிடம் ஓடியது. மாராத்தா குனிந்து வாயைத் திறந்து காட்டியது. அன்று பொழுது சாயும்வரை அந்தக் கூட்டத்தில் ஒரு யானையையும் பொட்டு நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் கூட்டம் கிளம்பியது. ஏற்றத்தில் பொட்டு தடுமாறியது. உட்கார்ந்தது. எழுந்தது. பெரியவர்கள் நின்று நின்று மேய்ந்துகொண்டே ஏறினார்கள். அதுவும் நின்று நின்று தின்றுகொண்டே ஏறியது.

முகட்டுக்குப் பக்கத்தில் பூவாத்தா திரும்பிப் பார்த்தது. பொட்டுவைக் காணவில்லை!

"பொட்டு! பொட்டு! எங்கடி இருக்கே? வா!"

கீழே ஒரு புதர் ஆடியது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"இரும்மா! சாப்பிட்டுட்டு இருக்கேன்!"

"அவளை நானே இழுத்துட்டு வரட்டுமா?" என்று மாராத்தா கேட்டது.

"வேண்டாங்கக்கா, தின்னுட்டு வரட்டும்" என்றது பூவாத்தா. கூட்டம் முழுவதும் முகட்டில் காத்து நின்றது.

பிள்ளையைத் தனியே வைத்துக் கெஞ்சி ஊட்டுவதைவிட, நாம் சாப்பிடும் இடத்தில் அதையும் சேர்த்துக்கொண்டு நாமும் ருசித்துச் சாப்பிட்டால், அது தானே கை நீட்டிச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.