முப்பத்தேழாவது உறை

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடர் லைல் பென்னிங், இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார். குரு டாக்டர் வெரா ஹால்ஸ்டெட், உலோகவியலைக் கரைத்துக் குடித்தவள். தொலைவில் ஓர் ஆற்றங்கரையில், அணுகுண்டுக்கு மருந்து தயாரிக்க ஓர் அணு உலை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் போகும் யுரேனியக் கட்டைகளை அலுமினிய உறைக்குள் வைத்து மூடுவது இவர்கள் பொறுப்பு. உறையில் மயிரிழை ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் புகும், கட்டை ஊதும், உலையின் குழாய் அடைத்துக்கொள்ளும்.

நூறு உறைகளை நீராவியில் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தேழாவது மட்டும் ஊதிப்போயிருந்தது.

"மற்ற தொண்ணூற்றொன்பதும் தேறிவிட்டன. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்," என்றார் பென்னிங். அவரால் உட்கார முடியவில்லை.

"அது ஏன் ஊதியது?"

"கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும், டாக்டர். என் மகன் பசிபிக்கில் கப்பலில் இருக்கிறான். இங்கே ஒரு நாள் போனால் அங்கே போர் ஒரு நாள் நீளும்."

வெரா ஒப்புதல் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே போடுங்கள். முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆற்றங்கரை ஆலையிலிருந்து ஓட்டிஸ் என்று ஒருவர் பயிற்சிக்கு வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்காருங்கள்."

ஓட்டிஸ் கலகலப்பான மனிதர். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

"அங்கே குழாய் அடைத்தால் போய் எடுக்கிற ஆள் நான்தானாம். என்ன அடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமா, சார்?"

பென்னிங்குக்குத் தெரியும்: அடைப்பது ஊதிய கட்டை, அதை எடுக்கப் போகிற ஆளைக் கதிர்வீச்சு தின்றுவிடும். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவர். ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்து, பேனாவைத் தொடாமல், ஊதிய உறையை ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. மூடியைப் பற்றவைத்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு. உறைகளைக் கழுவும் முறையை மாற்றினார்கள். புதிய நூறும் தேறின. அந்தப் பத்தொன்பது நாளில் மகனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

இந்த முறை பென்னிங் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"நூறும் தேறிவிட்டன. ஆனாலும் கை நடுங்குகிறது. மகனை நினைத்தாலும் நடுங்குகிறது, அந்த ஓட்டிஸை நினைத்தாலும் நடுங்குகிறது. இதையெல்லாம் எதற்குச் செய்கிறோம் என்று நினைத்தால் இன்னும் மோசம். இது எப்போது நிற்கும், டாக்டர்?"

வெரா தன் பெயரை அதன் கீழே எழுதினாள். அவள் எழுத்தும் நேராக இல்லை.

"நடுக்கம் நின்ற அன்றைக்கு என்னிடம் சொல்லுங்கள். உங்களை வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறேன்."