லூர்தம்மா காட்டிய மூன்று தள்ளு

நடு ரோட்டில் பேட்டரி செத்து பஸ் நின்றதும் அத்தனை பேரும் தள்ள இறங்கிவிட்டார்கள். ஆங்கிலப் பேராசிரியர் வைகுண்டநாதன் மட்டும் வெள்ளைப் பேண்ட் கசங்காமல் உட்கார்ந்திருந்தார். மீன் விற்கும் லூர்தம்மாவுக்குப் பதறியது. சந்தை கலையும் நேரம். படிக்கட்டருகே இருந்த அவள் கூடையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

“சார், நீங்களும் வந்து ஒரு கை பிடிங்களேன்!” என்றாள் ஜன்னல் வழியே.

“தள்ளுறதப் பத்தி எனக்கே சொல்றியா? இங்கிலீஷ்ல ப்ரொபெல்னா முன்னால தள்ளுறது. எக்ஸ்பெல்னா வெளிய தள்ளுறது. கம்பெல்னா வேற வழியில்லாம செய்ய வைக்கிறது. மூணும் ‘தள்ளு’ன்னு அர்த்தம் வர்ற ஒரே லத்தீன் சொல்லுல பொறந்தது. மூணையும் நீ செஞ்சு காட்டு, இறங்குறேன்!”

லூர்தம்மா விறுவிறுவென்று ஏறினாள். மீன்தண்ணி சொட்டச் சொட்டக் கூடையைத் தூக்கி அவர் மடிக்கு நேராகக் கொண்டுபோனாள். அவர் அலறியடித்துக்கொண்டு ரோட்டில் குதித்தார்.

“வெளிய தள்ளியாச்சு! வேற வழியில்லாம இறங்கவும் வச்சாச்சு!” கூடையை அவர் சீட்டிலேயே வைத்துவிட்டு அவளும் இறங்கினாள். “முன்னால தள்ளுறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் சார் உங்க கை வேணும்!”

கூட்டம் ஓவென்று கத்தியது. பேராசிரியர் கை வைத்தார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மூச்சிரைக்க ஏறியவரிடம் கண்டக்டர் சொன்னார்: “சீட்டுல மீன் இருக்கு சார். நின்னுக்கிட்டே வாங்க.”